அரசாங்கச் செலவும் எங்கள் ஊரின் வளர்ச்சியும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாட்களிலும், உயர்தர வகுப்பில் அரசாங்கத் துறை பற்றிய பாடம் தொடங்கும்போதும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்களுடைய பெற்றோர் கேட்கிறார்கள், சாமான் கட்டிக்கொண்டே கடை முதலாளிமார் கேட்கிறார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இன்னும் நேராகக் கேட்பார்கள்: “இத்தனை கோடி என்று சொல்கிறார்களே சேர், அது எங்கே போகிறது?” அந்தக் கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்களை முடிந்தவரை எங்கள் மாவட்டத்திலிருந்தே எடுத்திருக்கிறேன்.

அரசாங்கச் செலவு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

வருடா வருடம் செய்தே ஆகவேண்டிய செலவை மீண்டெழும் செலவு என்கிறோம். சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி, ஆஸ்பத்திரிக்கு மருந்து, வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு எல்லாம் இதில் வரும். வீதி, பாலம், குளக்கட்டு, பாடசாலைக் கட்டடம் என்று பல வருடம் நின்று பயன் தருபவற்றுக்குப் போவது மூலதனச் செலவு.

இலங்கையில் முதல் வகைதான் மிகப் பெரியது. அதற்குள்ளும் வட்டிதான் பெரிய வாய். 2020 முதல் 2022 வரை அரசாங்கத்துக்கு வந்த வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. சம்பளம் கொடுக்கவும் மருந்து வாங்கவும் மேலும் கடன் எடுக்க வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அஸ்வெசும, ஓய்வூதியம், வட்டி போன்ற கொடுப்பனவுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும்போது அரசாங்கச் செலவாக நேரடியாகச் சேர்வதில்லை. வாங்கியவர் கடைக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கும்போதுதான் தனியார் நுகர்வாகக் கணக்கில் ஏறும்.

செலவு செய்தவுடனேயே வளர்ச்சி கூடிவிடுமா?

கூடலாம். ஆனால் செலவு செய்யும் காலத்தில் தெரியும் வளர்ச்சி வேறு, செலவு முடிந்த பிறகு வரும் வளர்ச்சி வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

கிண்ணியாப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டி 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். நீளம் 396 மீற்றர்; திறந்தபோது நாட்டிலேயே மிக நீளமான பாலம். கட்டும்போது மேசன்மாருக்குக் கூலி கிடைத்தது, கல்லும் மணலும் விலைப்பட்டன, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் வியாபாரம் நடந்தது. அது முதல் வகை. வேலை முடிந்த அன்றே அந்த வருமானமும் முடிந்துவிடும்.

பாலம் திறந்த பிறகு நடந்ததுதான் இரண்டாவது வகை. அதற்கு முன் கிண்ணியாவிலிருந்து பட்டணத்துக்கு வருபவர் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். காற்றும் மழையும் என்றால் பாதை ஓடாது. ஐஸ் போட்ட மீன் பெட்டியோடு நிற்கிற வியாபாரிக்கு அந்தக் காத்திருப்பு நேரடி நட்டம். பிள்ளைப்பேற்றுக்கு வருகிற தாய்க்கு அது உயிர்ப் பிரச்சினை. பாலத்தால் காத்திருப்பே இல்லாமல் போனது. அதே மீனவர், அதே வள்ளம், அதே மீன், ஆனால் சந்தைக்குப் போய்ச் சேரும் நேரம் குறைந்து விலை கூடியது. மட்டக்களப்பு வீதியில் கங்கை, இறால்குழி, உப்பாறு, வெருகல் பாலங்களும் வந்தபோது மூதூரும் ஈச்சிலம்பற்றும் இரண்டு பட்டணங்களோடும் தரைவழியாக இணைந்தன. பொருளியலில் உற்பத்தித்திறன் என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான். அரசாங்கச் செலவு நீண்டகால வளர்ச்சியைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் தேடிப் போவதில்லை.

‘பெருக்கி’ என்கிறார்களே, அது என்ன?

ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம். அவர் அதில் ஒரு பகுதியைச் செலவழிப்பார், அது வேறொருவரின் வருமானம். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகும்போது முதலில் போட்ட காசைவிட மொத்த வருமானம் எத்தனை மடங்கு கூடுகிறது என்பதே பெருக்கி. 1930களின் பெருமந்தக் காலத்தில் பொருளியலாளர் கெய்ன்ஸ் இதைத் தன் வாதத்தின் நடுவில் வைத்தார்.

கணக்காகப் பார்த்தால்: 100 ரூபா கிடைத்தவர் 60 ரூபாவை ஊருக்குள்ளேயே செலவழிக்கிறார், அதை வாங்கியவர் 36 ரூபாவை, அடுத்தவர் 21 ரூபா 60 சதத்தை என்று போனால் மொத்தம் 250 ரூபா. ஒவ்வொருவரும் 30 சதவீதத்தை மட்டுமே ஊருக்குள் செலவழித்தால் மொத்தம் 143 ரூபாவோடு நின்றுவிடும். மிச்சம் வரியாகவும் சேமிப்பாகவும், எங்களைப் பொறுத்தவரை முக்கியமாக வெளியூர்ச் சாமானுக்கும், ஒழுகிப் போகிறது.

இந்த ஒழுக்கை ஒரு வேலையில் வைத்துப் பார்க்கலாம். தம்பலகாமத்தில் ஒரு கிராமத்துக்கு வடிகான் கட்டக் காசு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணலும் கல்லும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். அந்தக் காசு இங்கேயே நிற்கும். சீமெந்து சீனக்குடாவில் அரைபடுகிறது, அதனால் அதுவும் எங்களுடையது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அரைப்பதற்கான கிளிங்கர் கப்பலில் வருகிறது. ஆலையில் வேலை செய்பவரின் சம்பளமும் லொறிக்காரரின் கூலியும் இங்கே நிற்கின்றன, மூலப்பொருளின் விலை கடல் தாண்டிப் போகிறது. கம்பிக்கான இரும்பும் அப்படியே. பெக்கோ ஓட்டுபவர் உள்ளூர்ப் பொடியன் என்றால் அவருடைய நாட்கூலி இங்கே. இயந்திரத்தின் வாடகை யாருடைய கணக்குக்குப் போகிறதோ அங்கே. டீசல் முழுக்க வெளிநாடு. கடைசியாகக் கூலியாட்கள். இவர்கள் கையில் விழும் காசுதான் மிக வேகமாகச் சுற்றும். பின்னேரம் வாங்கிய கூலி இரவுக்குள் பலசரக்குக் கடை, பேக்கரி, மீன்காரர் என்று மூன்று கை மாறிவிடும்.

ஆகவே ஒரே தொகையில் இரண்டு வேலை நடந்தால் இரண்டும் ஊருக்கு ஒரே அளவு வளர்ச்சியைத் தராது. கைவேலை கூடிய வாய்க்கால் துப்புரவும், இயந்திரமும் தாரும் கூடிய காபட் வீதியும் அருகருகே நடந்தாலும் அவற்றின் பெருக்கி வேறு வேறு. அதற்காகக் காபட் வீதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீதியின் பயன் கட்டும்போது வருவதல்ல, கட்டிய பிறகு வருவது. எதை எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

கொந்தராத்து வெளியூர்க் கம்பனிக்குப் போனால் எங்களுக்கு நட்டம்தானே?

நாட்டுக்கு நட்டமில்லை. மாவட்டத்துக்கு முதற்சுற்று வருமானம் குறையும். பெரிய பாலம் கட்ட உள்ளூரில் ஆளும் இயந்திரமும் இல்லாதபோது அதைத் தவிர்க்க முடியாது. ஒரு கிராமத்து உள்வீதிக்கு, பாடசாலைச் சுற்றுமதிலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சின்ன வேலைகளைச் சின்னத் துண்டுகளாகவே கேள்விப்பத்திரத்துக்கு (டெண்டருக்கு) விட்டால், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் உள்ளூர்க் கொந்தராத்துக்காரரும் எடுக்க இடம் கிடைக்கும்.

வீதி வேலை எல்லாம் ஏன் வருடக் கடைசியில் மழைக்குள்ளேயே நடக்கிறது?

இந்தக் கேள்வியை மிகவும் சாதாரணமாகக் கேட்கிறார்கள். எனக்கோ இந்த மாவட்டத்தின் வளர்ச்சி பற்றிய முக்கியமான கேள்விகளில் ஒன்று இதுதான் என்று படுகிறது.

இலங்கையின் நிதி வருடம் ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பர், டிசம்பரில் நிறைவேறும். பிறகு ஒதுக்கீடு அமைச்சுக்கு வந்து, அங்கிருந்து மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் வந்து, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, தொழில்நுட்பக் குழு பார்த்து, ஒப்பந்தம் எழுதி முடிய வருடத்தின் பாதி போய்விடும். அதன் பிறகும் திறைசேரி காசை ஒரேயடியாக விடுவதில்லை. வரி வருமானம் வர வரத்தான் விடும். வருடத்துக்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகும். அதனால் செப்டெம்பருக்குப் பிறகு எல்லாக் கந்தோரிலும் அவசரம் பிடிக்கும்.

எங்கள் பக்கம் மழைக்காலம் எது? வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. வெயில் அடித்து மண் இறுகிக் கிடக்கும் பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கோப்பு நகர்கிறது. கோப்பு முடிந்து காசு வரும்போது மழையும் வந்துவிடுகிறது. நனைந்த கிரவல் மேல் உருளை ஓட்டினால் இறுகாது. அதன் மேல் போட்ட தார் அடுத்த மாரிக்கே உரியும். கொங்கிறீற்று ஊற்ற வெட்டிய கானில் தண்ணீர் நிற்கும், பம்ப் வைத்து இறைக்கும் செலவு வேறு. வயல்வெளிக்குள் வாய்க்கால் திருத்தம் என்றால் பெரும்போக விதைப்பு தொடங்கியிருக்கும், கமக்காரர் தண்ணீரை நிறுத்த விடமாட்டார்கள்.

கொழும்பிலிருந்து பார்த்தால் இந்தக் கலண்டரில் பெரிய குற்றம் தெரியாது. அங்கே டிசம்பரில் மழை குறையத் தொடங்கும். கிழக்குக்குத்தான் இது முற்றிலும் எதிர்மாறாக அமைந்திருக்கிறது. அதே ஒதுக்கீடு, அதே கணக்கு, ஆனால் ஐந்து வருடம் நிற்க வேண்டிய வீதி இரண்டு வருடத்தில் குழி விழுந்தால் செலவின் வளர்ச்சிப் பயன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. புள்ளிவிபரத்தில் இது தெரியாது. செலவழிந்த சதவீதம் மட்டும்தான் தெரியும்.

2025இல் நிலைமை இன்னும் இறுகியது. முந்தைய வருடக் கடைசியில் தேர்தல்கள் நடந்ததால் 2025க்கான வரவு செலவுத் திட்டமே பெப்ரவரி 17இல்தான் சமர்ப்பிக்கப்பட்டது.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. மதிப்பீடும் வரைபடமும் காணிப் பிரச்சினையும் முந்தைய வருடத்திலேயே முடிந்திருந்தால், ஜனவரியில் கேள்விப்பத்திரம் போட்டு மார்ச்சில் வேலை தொடங்கலாம். பல வருடத் திட்டமாக ஒதுக்கினால் டிசம்பர் 31 வந்துவிட்டதே என்று அந்தரப்பட வேண்டியதில்லை. இரண்டுக்கும் புதிதாக ஒரு சதம் தேவையில்லை.

வேலை பாதியில் நின்றுவிட்டால் போட்ட காசு என்ன ஆகும்?

தேசியக் கணக்கில் அது முதலீடாக ஏற்கனவே பதிவாகியிருக்கும். ஊருக்குச் சேவை கிடைத்திருக்காது. பாதிப் பாலத்தில் யாரும் பாதி தூரம் போக முடியாது.

இதைச் சொல்லும்போது கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. அங்கே புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் மக்கள் படகுப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். ஒரு பாலத் திட்டத்தின் செலவு மதிப்பீட்டில், வேலை முடியும்வரை மக்கள் எப்படிப் பாதுகாப்பாகக் கடப்பார்கள் என்பதற்கான தொகையும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். மாற்றுவழிக்கான செலவை மிச்சம்பிடித்து யாரும் வளர்ச்சி கண்டதில்லை.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அரசாங்கம் கொந்தராத்துக்காரரின் பில்லைத் தாமதித்தால் அவர் ஹாட்வெயார் கடைக்குக் கடன் சொல்வார், கடைக்காரர் மொத்த வியாபாரிக்குச் சொல்வார், கடைசியில் மேசன் வீட்டில் அடகு வைப்பார்கள். 2022, 2023 காலத்தில் நாடு முழுக்க இது நடந்தது. பெருக்கி மேலே போவதுபோலவே கீழேயும் போகும்.

புதிதாகக் கட்டுவதா, இருப்பதைப் பராமரிப்பதா, எது வளர்ச்சிக்கு நல்லது?

பெரும்பாலும் பராமரிப்பு. ஆனால் அதற்குத் திறப்பு விழா இல்லை. போதாததற்கு கணக்கேட்டில் அது மீண்டெழும் செலவின் பக்கம் விழுந்துவிடுகிறது. சிக்கனம் என்று உத்தரவு வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிய பாடமல்ல. பழைய அரசன் குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகளும் வயல்களும் அடித்துச் செல்லப்பட்டன. அணையைத் திரும்பக் கட்டவும் குடும்பங்களைத் திரும்ப நிறுத்தவும் செலவான காசில் எத்தனை வருடத்துக் கட்டுப் பராமரிப்பைச் செய்திருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள். உடைப்பு நடந்த வருடத்துக்குப் பிறகு புனரமைப்புச் செலவு மொத்த உற்பத்தியைக் கூட்டிக் காட்டும். அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இழந்ததை மீட்பதற்கான செலவு அது.

அரச ஊழியருக்குச் சம்பளம் கூட்டுவது வளர்ச்சியா, வீண்செலவா?

திருகோணமலை பட்டணத்தில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு நடக்கிற விவாதம். மாகாண சபையின் கந்தோர்கள், கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஆஸ்பத்திரிகள், பாடசாலைகள், துறைமுகம் என்று அரச சம்பளத்தில் ஓடுகிற பட்டணம் இது. உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் சம்பளம் விழுந்த நாளும் அதற்கு முந்தைய நாளும் கடைக்காரருக்கு வேறு வேறு நாட்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, கட்டம் கட்டமாகக் கொடுக்கும்படி, உயர்த்தினார்கள். இங்கே அதன் பலன் உடனே தெரியும்.

ஆனால் சம்பளம் ஒருமுறை கூட்டினால் குறைக்க முடியாது, ஓய்வூதியமாகவும் தொடரும். அதனால் கேட்க வேண்டியது: அந்தச் சம்பளத்துக்கு ஊருக்கு என்ன சேவை கிடைக்கிறது? மூதூரிலோ வெருகலிலோ ஒரு தாதியோ, குடும்பநல உத்தியோகத்தரோ, கணித ஆசிரியரோ போய் நிலையாக வேலை செய்தால் அந்தச் சம்பளம் எந்தக் கட்டடத்தையும் விடப் பெரிய முதலீடு. கணக்கேடு அதை மீண்டெழும் செலவு என்று எழுதிக்கொள்ளட்டும். மாறாக, மாடிக் கட்டடம் எழும்பி, வைத்தியர் வராமல் பூட்டிக் கிடந்தால், மூலதனச் செலவு என்ற பெயர் அதைக் காப்பாற்றாது. 1940களில் தொடங்கிய இலவசக் கல்வி இந்த நாட்டுக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளமாகவே போனது. அதைவிட நீண்டகாலம் பலன் தந்த செலவு எங்களிடம் வேறு இல்லை.

அஸ்வெசும போன்ற உதவிகள் மக்களைச் சோம்பேறியாக்கும் என்கிறார்களே?

கையில் இல்லாதவருக்குக் கிடைக்கும் காசு அப்படியே ஊர்க்கடைக்கு வரும். அதனால் அதன் பெருக்கி உயர்வு, இறக்குமதி ஒழுக்கும் குறைவு. பசியோடு படிக்கிற பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அதன் நட்டம் இருபது வருடம் கழித்துத் தெரியும். 2023இல் தொடங்கிய அஸ்வெசுமவில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற தெரிவில் நியாயமான குறைகள் உண்டு; கரைவலைக் கூலிக்காரரைப் போல மாதா மாதம் வருமானம் மாறுபவரை ஒரு படிவத்தில் அளப்பது கடினம். அந்தத் தெரிவைத் திருத்த வேண்டும், உதவியை அல்ல.

காசு போதாவிட்டால் அரசாங்கம் அச்சடித்துச் செலவழிக்கலாமே?

அந்த அனுபவம் எங்களுக்கு மிக அண்மையில் கிடைத்தது. 2019 கடைசியில் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கி, வேறு வரிகளையும் குறைத்தார்கள். அரசாங்க வருமானம் விழுந்தது. 2020இல் கொரோனாவும் வந்தது. பற்றாக்குறையின் பெரும் பகுதியை மத்திய வங்கியின் புதிய பணம் நிரப்பியது. டொலர் கையிருப்பு கரைந்து முடிய, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

கடற்கரையில் இதைக் கேட்டால் சதவீதம் சொல்லமாட்டார்கள், மண்ணெண்ணெய் விலை சொல்வார்கள். 87 ரூபா லீற்றர் 2022 ஓகஸ்டில் 340 ரூபா ஆனது. வெளியிணைப்பு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஓடுகிற சின்ன வள்ளங்கள் நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை கரையேறிக் கிடந்தன. எண்ணெயைக் குறைந்த விலைக்குக் கொடுத்த மானியமும் அரசாங்கச் செலவுதான். தாங்க முடியாத கடனில் ஓடிய மானியம் ஒரே இரவில் நின்றபோது அதன் முழு அடியும் கடற்றொழிலாளியின் மேல் விழுந்தது.

ஒரு விடயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளும் இயந்திரமும் சும்மா கிடக்கும்போது புதிய பணம் கொஞ்சம் உற்பத்தியைக் கூட்டலாம். கூட்டும் சக்தியை மீறியதும் விலையைத்தான் கூட்டும், எங்களைப் போல எண்ணெயும் மருந்தும் இறக்குமதி செய்யும் நாட்டில் இன்னும் சீக்கிரமாக. 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாகப் பணம் அச்சடித்துக் கொடுப்பதைத் தடுத்திருக்கிறது.

வீட்டில் கடன் வாங்கிச் செலவழிப்பது போலத்தானே அரசாங்கமும்?

ஓரளவுக்குத்தான். குடும்பத் தலைவர் செலவைக் குறைத்தால் அவருடைய வருமானம் குறையாது. அரசாங்கம் குறைத்தால் பலருடைய வருமானம் குறைந்து, அவர்கள் கட்டும் வரியும் குறையும். அரசாங்கத்துக்கு ஓய்வுபெறும் வயதும் இல்லை, பழைய கடனைப் புதிய கடனால் மாற்றிக்கொண்டே போகலாம். ஜப்பானின் அரச கடன் அதன் வருட உற்பத்தியின் இரண்டு மடங்கைத் தாண்டியும் அது விழவில்லை. தன் சொந்த நாணயத்தில், பெரும்பாலும் தன் மக்களிடமே வாங்கிய கடன் அது.

நாங்கள் டொலரில் வாங்கினோம். டொலரில் வாங்கினால் அந்தத் திட்டம் டொலரை உழைத்தோ மிச்சம்பிடித்தோ தர வேண்டும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் அந்தக் கணக்கை நிறைவேற்றவில்லை. 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்கு விமானங்களே போதியளவு வரவில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கும் எங்களுக்கு இதைப் பார்க்க வயிறு எரிவது இயல்பு.

உள்நாட்டில் வாங்கினாலும் ஒரு விலை உண்டு. 2022 கடைசியில், அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அரசாங்கத்துக்குக் கொடுத்து அவ்வளவு வட்டி எடுக்கலாம் என்றால், வங்கி ஏன் உப்புவெளியில் விருந்தினர் விடுதி கட்டுகிறவருக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும்? தனியார் முதலீடு இப்படித்தான் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது.

அப்படியென்றால் செலவைக் குறைத்தாலே வளர்ச்சி வந்துவிடுமா?

வராது. கிரேக்கத்தில் 2008க்குப் பிறகு கடும் சிக்கனத்தோடு பொருளாதாரத்தின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கரைந்தது. சிக்கனத்தால் வளர்ச்சி எவ்வளவு அடிபடும் என்பதைத் தங்கள் முன்னறிவிப்புகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன என்று சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர்களே 2013இல் ஓர் ஆய்வில் எழுதினார்கள்.

இங்கே நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டொலர் ஒப்பந்தம் வந்தது. 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது. 2022இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய பொருளாதாரம் 2023இல் 2.3 சதவீதம் சுருங்கி, 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. விலைவாசி அடங்கியதற்கும் வரிசைகள் மறைந்ததற்கும் இந்த ஒழுங்கு தேவைப்பட்டது. ஆனால் 2024இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த செலவுக்கு மொத்த உற்பத்தியில் 13 சதவீதம் என்று எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொட முடியாது; ஆக, நெருக்கடி வரும்போதெல்லாம் குறைவது மூலதனச் செலவும் பராமரிப்பும். கிழக்கு போன்ற, கட்டவேண்டியது இன்னும் நிறைய இருக்கிற இடத்துக்கு அது மற்ற இடங்களைவிடக் கூடிய அடி.

எண்ணெய்க் குதங்களும் சம்பூர் மின்திட்டமும் வந்தால் அரசாங்கச் செலவே தேவைப்படாதாமே?

திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் 61ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. சம்பூர் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கே 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். இவை வரட்டும். ஆனால் சூரியத் தகடுகள் பூட்டி முடிந்த பிறகு அங்கே வேலைக்கு நிற்கும் ஆட்கள் மிகக் குறைவு. அந்த முதலீட்டால் சம்பூரில் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் பயன்பெற வேண்டுமானால் மின்னியல் படித்த இளைஞர், தண்ணீர், வீதி, பஸ், கடற்றொழிலுக்கு இறங்குதுறை எல்லாம் வேண்டும். இவற்றைத் தனியார் கம்பனி கட்டித் தராது.

எங்கள் ஊருக்கு வந்த காசு எப்படிச் செலவானது என்று நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். முதலில் வேலைத்தளத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். தொகை, கொந்தராத்துக்காரர், தொடங்கும் திகதி, முடியும் திகதி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், அல்லது இருப்பது போதாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திலோ, வீதி அபிவிருத்தி அதிகாரசபையிலோ, உள்ளூராட்சி சபையிலோ இருக்கும் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

நான் என் மாணவர்களுக்குச் சொல்வது, குறைந்தது இவற்றைக் கேளுங்கள் என்றுதான்: ஒதுக்கீடு எந்த மாதத்தில் கிடைத்தது, வேலை எந்த மாதத்தில் தொடங்கியது, முடிந்த பிறகு பராமரிப்புக்கு எந்தச் சபை, எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.